கரையில் கிடந்ததையும் பார்க்கவில்லை

தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த பல தலைமுறையினருக்குச் சுறாவும் தவளையும் அறிமுகமானது ஒரே இடத்தில்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்தின் மெழுகுத் தட்டு. சில வாரம் குளத்துத் தவளை, சில வாரம் பால் சுறா. நான்கு கால்களையும் விரித்துக் குண்டூசி குத்தி, வயிற்றுத் தோலைக் கத்தரித்து, ரத்தக்குழாய்களை ஒதுக்கிக் காட்டினால் தவளைக்கு மதிப்பெண். தலையைச் செதுக்கிச் செதுக்கி, ஐந்தாவது ஏழாவது மூளை நரம்புகளை அறுபடாமல் வெளியே எடுத்தால் சுறாவுக்கு மதிப்பெண். வீட்டுக்குப் போய் எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலில் ஃபார்மலின் நெடி நிற்கும். மறுநாள் அதைப் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

அந்தச் சுறாவைப் பற்றிய முழுமையான பாடநூலை எழுதியவர் ஈ. எம். தில்லையம்பலம் என்ற தமிழ்ப் பெண் விலங்கியலாளர். 1928இல் அது வெளிவந்தது. அவருடைய வரிசையிலேயே அடுத்த எத்தனையோ பத்தாண்டுகள் நாடு முழுதும் மாணவர்கள் சுறாவை அறுத்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அறிவுறுத்திய பிறகுதான் இந்த அறுவைப் பாடங்கள் படிப்படியாக நின்றன. இவ்வளவு காலத்தில் நம்மில் யாராவது, இந்தச் சுறா எந்தக் கடலிலிருந்து வந்தது, அதன் உறவுகள் எத்தனை, அவற்றில் எவை இன்னும் இருக்கின்றன என்று கேட்டோமா? கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். ஆய்வாளர்களானார்கள், இன்றும் கரையிலும் காட்டிலும் அலைகிறார்கள். மற்ற நாம் அனைவரும், ஆசிரியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் பத்திரிகைக்காரர்களாகவும் ஆனவர்கள், செத்த உடம்பைக் கரைத்துக் குடித்துவிட்டு உயிரை மறந்தோம்.

அந்தத் தட்டுக்கு ஒருபோதும் வராத இரண்டு உயிர்களைப் பற்றி இப்போது பேச வேண்டியிருக்கிறது. ஒன்று பாண்டிச்சேரி சுறா. இன்னொன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் கேலக்ஸி தவளை. இரண்டும் நம் மண்ணுக்கும் நம் நீருக்கும் உரியவை. இரண்டையும் நாம் கைவிட்டிருக்கிறோம், இரண்டு வெவ்வேறு வழிகளில்.

பாண்டிச்சேரி சுறாவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியிலிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்குப் போன உடல்களைப் பார்த்து, ஜெர்மானியர்களான முல்லர், ஹென்லே இருவரும் 1839இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பெரிய சுறா இல்லை. கிடைத்தவை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். நீண்டு கூர்ந்த மூக்கு, மேலே சாம்பல், அடியில் வெண்மை, பக்கத் துடுப்புகளிலும் இரண்டாவது முதுகுத் துடுப்பிலும் வாலின் கீழ்மடலிலும் கறுப்பு நுனி. ஓமான் வளைகுடாவிலிருந்து நியூ கினி வரை ஆங்காங்கே கிடைத்திருக்கிறது. உலக அருங்காட்சியகங்கள் அனைத்தையும் கூட்டினாலும் இருபது உடல்கள் தேறாது. உறுதியான கடைசிப் பதிவு 1979இல், இந்தியாவில். அதற்குப் பிறகு இலங்கையிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் பார்த்ததாகச் செய்திகள் வந்தன. ஐயம் தீர ஓர் உடல், ஒரு மாதிரி கிடைக்கவில்லை. ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலில் இது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம்.

ஒரு மீட்டர் சுறா கரையில் எப்படி இறங்குகிறது என்பதைக் காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ விடிவதற்கு முன் போய் நின்றவர்கள் அறிவார்கள். படகிலிருந்து இறக்கியதும் சுறாக்களை ஈரத் தரையில் வரிசையாகக் கிடத்துவார்கள். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். ஏலக்காரரின் குரல் ஏறிக்கொண்டே போகும். விலை படிந்ததும் கத்தி வரும், துடுப்பு தனிக் கூடைக்குப் போகும், உடல் ஐஸ் பெட்டிக்குப் போகும். சின்னதைக் கூடைக்காரப் பெண்கள் வாங்கித் தெருவுக்குக் கொண்டுவருவார்கள். அரை மணி நேரத்தில் தரையைக் கழுவிவிடுவார்கள். அந்த அரை மணியில் பார்க்கப்படுவது எடையும், மீன் கெடாமல் இருப்பதும். கறுப்பு நுனி எந்தத் துடுப்பில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க ஏலத்தில் யாருக்கும் நேரமில்லை, காரணமும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறக்குறைய அதே இடங்களில் அதே கறுப்பு நுனி கொண்ட வேறு சுறாக்கள் நம் கரையில் இன்றும் தாராளமாக இறங்குகின்றன. பல்லைப் பார்த்து, துடுப்பின் அமைப்பைப் பார்த்து, பழகிய கண்தான் பிரித்துச் சொல்ல முடியும். எனவே 1979க்குப் பிறகும் பாண்டிச்சேரி சுறா நம் வலைகளில் வந்திருக்கலாம், ஏலத் தரையில் கிடந்திருக்கலாம், நம்மில் ஒருவர் வீட்டுக் குழம்பில் கொதித்திருக்கலாம். கடைசிச் சுறா போன நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் இனம் நம் கண் முன்னால், ஆயிரம் பேர் கூடும் சந்தையில், வெளிச்சத்தில் கரைந்து போயிருக்கிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1971இல்தான் தலைமையகம் கொச்சிக்குப் போனது. மீன் இறங்கும் கணக்கை முறையாக எடுக்கும் நிறுவனம் நம் வாசலிலேயே பிறந்தது என்று பெருமைப்படலாம். ஆனால் நாடு அந்தக் கணக்கில் எதிர்பார்த்தது டன். சுறா எத்தனை டன், திருக்கை எத்தனை டன். ஒரு தலைப்புக்குள் எத்தனை இனங்கள், எது குறைந்துவருகிறது என்ற கேள்விக்கு நாம் பணமும் ஆளும் ஒதுக்கவில்லை. மொத்த டன் ஏறும்போது மகிழ்ந்தோம். ஏறும் கணக்குக்குள் ஓர் இனம் சத்தமில்லாமல் பூஜ்யமாவது சாத்தியம் என்பதை நாம் யோசிக்கவே இல்லை.

மீனவர்களைக் குற்றம் சொல்வது எளிது. நாம் நெடுங்காலமாக அதைத்தான் செய்துவருகிறோம். உண்மையில் சுறா வேட்டையை ஊக்குவித்தது யார்? இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுக் காட் மீன் எண்ணெய் வரத்து தடைப்பட்டபோது, வைட்டமின் ஏ-க்காகச் சுறா ஈரல் எண்ணெய் எடுப்பதை ஊக்குவித்தது அரசு. விடுதலைக்குப் பிறகு, 1950களில் இந்தோ–நார்வே திட்டம் கேரளக் கரையில் விசைப்படகைக் கொண்டுவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இழுவை மடி நம் கரை முழுதும் பரவியது. கடன் கொடுத்ததும் மானியம் கொடுத்ததும் இறால் ஏற்றுமதியால் வந்த அந்நியச் செலாவணியைக் கொண்டாடியதும் நாம். இழுவை மடி இறாலைத் தேடிப் போகும், வழியில் உள்ளதையெல்லாம் அள்ளும். கரையோர ஆழம் குறைந்த நீரில் வாழும் சின்னச் சுறாவுக்கு அதிலிருந்து தப்ப இடமில்லை. கட்டுமரத்தில் தூண்டில் போட்டவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்ய முடியாததை ஒரு தலைமுறை இயந்திரங்கள் செய்து முடித்தன. அப்போது எச்சரித்த கட்டுமர மீனவர்களின் போராட்டங்களைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே நம் நாளிதழ்கள் பார்த்தன.

2001இல் சட்டம் வந்தது. முதலில், ஜூலையில், சுறா, திருக்கை அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். கடற்கரை கொதித்தது. தூத்தூர் போன்ற ஊர்களில் சுறாத் தூண்டிலை நம்பியே குடும்பங்கள் இருக்கின்றன. டிசம்பரில் பட்டியலைப் 10 இனங்களாகச் சுருக்கினார்கள். அந்தப் பத்தில் ஒன்று பாண்டிச்சேரி சுறா. புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு. கடைசியாக உறுதியாகப் பார்த்து 22 ஆண்டுகள் கழிந்த பிறகு. அதன் பிறகு 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2022இல் இந்தச் சுறாக் குடும்பம் முழுவதும், அரிய உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. சட்டங்கள் வேண்டியவைதான், அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் எழுதிய நாளிலிருந்து இன்றுவரை, கரைக்கு வந்து, ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து, இந்தச் சுறா வலையில் வந்தால் எப்படி அடையாளம் காண்பது, விட்டுவிட்டால் உங்கள் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று பேசும் வேலையைச் சமூகமாக நாம் மிகக் குறைவாகவே செய்திருக்கிறோம். சிறைத் தண்டனையை மட்டும் முதலில் அனுப்பினோம்.

நம் சாப்பாட்டுத் தட்டும் இதில் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது தமிழ்க் கடற்கரையின் வழக்கம், இப்போது உள்நாட்டு நகரங்களின் உணவகங்களிலும் அது பெருமையான ஒரு வகை. அம்மாக்களும் பாட்டிகளும் அன்போடு செய்த உணவை நான் பழிக்க மாட்டேன். ஆனால் சுறா கடலின் மேல்தட்டு வேட்டையாடி. கீழே உள்ள மீன்களின் உடம்பில் சேர்ந்த பாதரசமெல்லாம் அதன் தசையில் வந்து தேங்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று பல நாடுகளின் சுகாதாரத் துறைகள் சொல்கின்றன. இந்தச் செய்தியை மகப்பேறு மருத்துவமனைச் சுவர்களில் நாம் எழுதி வைத்திருந்தால், தாய்க்கும் நல்லது, சுறாவுக்கும் நல்லது. எழுதவில்லை.

இனி மலைக்கு.

கேலக்ஸி தவளையை உள்ளங்கையில் வைத்தால் (வைக்கக் கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன்) இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். மூன்று சென்டிமீட்டர் இருந்தால் பெரியது. உடம்பு முழுக்க அடர் கறுப்பு. அதன் மேல் வெளிர்நீலமும் வெண்மையுமாகப் பொடிப்பொடியான புள்ளிகள். தொடைப் பக்கம் ஆரஞ்சுச் சிவப்பில் திட்டு. வெளியே தெரியும் காதுச் சவ்வு கிடையாது. சோலைக்காட்டில், விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் மரத்தடியில், கல்லுக்கு அடியில், ஈர இலைச் சருகுக்குள் இருக்கும். தன் பேரினத்தில் ஒரே ஓர் இனம், தன் துணைக்குடும்பத்திலும் அது ஒன்றுதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் தனியாகப் பிரிந்து வந்த கிளையின் கடைசி நுனி அது. அது போனால் அந்தக் கிளையே போகும். அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள உலகில் வேறு தவளை அதற்கு இல்லை.

மதராஸ் மாகாணத்தின் வனத்துறையை நடத்திய பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878இல் இதை விவரித்தார். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் மிக அரிதாகவே கண்ணில் பட்டு, 1990களின் பிற்பகுதியில் பெரியாறு பக்கத்திலும் ஆனைமலையிலும் மறுபடி பார்த்துப் பதிவு செய்தார்கள். இந்தத் தவளைக்குத் தெரிந்த வீடு மொத்தமும் தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டிய சில மலைகள்தான். ஆனைமலை, மூணாறு, பெரியாறு என்று விரல்விட்டு எண்ணலாம். வரைபடத்தில் அவற்றுக்கு இடையே தேயிலையும் சாலையும் அணையும் இருக்கின்றன.

தவளை விவரிக்கப்பட்ட அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் வால்பாறையில் மழைக்காட்டை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வால்பாறைக்குப் போகும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மேலே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தெரியும் தேயிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பச்சை எதன் மேல் விரிக்கப்பட்டது என்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தேயிலைக்கு நடுவே தீவுகளாக நிற்கும் காட்டுத் துண்டுகளில் மட்டும் பழைய உயிர்கள் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் துண்டுகளில் காட்டு மரங்களை மறுபடி நட்டு வளர்க்கும் வேலையை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள். அவர்களுடைய பொறுமையைப் பார்க்கும்போது நமக்குக் கொஞ்சம் கூச்சம் வர வேண்டும். மழைக்காலத்தில் ஆனைமலைச் சாலைகளில் வாகனங்களுக்கு அடியில் தவளைகள் சாவது பற்றிய ஆய்வு வந்தே இருபது ஆண்டு தாண்டிவிட்டது. இரவு மழையில் வளைவில் வேகமாக வண்டி ஓட்டும்போது டயருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நாம் இன்னும் யோசிப்பதில்லை.

சுறாவுக்கு இல்லாத ஒன்று இந்தத் தவளைக்கு உண்டு. அதன் காடுகளில் கணிசமான பகுதி புலிகள் காப்பகமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருக்கிறது. புலிக்காக 1973 முதல் நாடு செலவழித்த பணமும் காவலும் அந்த மட்கிய மரத்தடிக்கும் சேர்ந்தே காவலாக இருந்திருக்கிறது. யாரும் தவளையை நினைத்து அந்தக் காட்டைக் காக்கவில்லை, ஆனாலும் காத்தார்கள். கடலில் அப்படி ஒரு புலி இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல் தேசியப் பூங்கா வந்தது. புதுச்சேரி, கடலூர்க் கரையோர நீருக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. சுறாவைத் தன் நிழலில் வைத்துக் காக்க அங்கே நாம் நேசித்த பெரிய உயிர் ஒன்றும் இருக்கவில்லை.

சுறாக்கள் பெரும்பாலும் தாமதமாகப் பருவமடைந்து, ஒரு தடவைக்குச் சில குட்டிகளை மட்டும் போடும். மத்தி, நெத்திலி போல லட்சக்கணக்கில் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்டும் வசதி அவற்றுக்கு இல்லை. தவளையின் சிக்கல் வேறு. அது தோலால் ஈரத்தைக் குடித்து, தோலாலும் மூச்சுவிடும். இன்னொரு மலைக்குப் போக வேண்டுமென்றால் இடையில் உள்ள வெயில் தாக்கும் தேயிலைச் சரிவைத் தாண்ட அதனால் முடியாது. சுறாவுக்கு ஓமான் முதல் நியூ கினி வரை பரப்பு இருந்தது, போய்விட்டது. தவளைக்குச் சில மலைகள்தான், இன்னும் இருக்கிறது. பரந்து வாழ்வது பாதுகாப்பு என்ற எண்ணத்தை இந்த ஒரு சோடியே உடைத்துவிடுகிறது.

இன்னொரு சமாதானத்தையும் அது உடைக்கிறது. கண்ணில் படாத உயிர்களைத்தான் மறந்தோம், தெரிந்திருந்தால் காப்பாற்றியிருப்போம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். தவளை விஷயத்தில் அது எடுபடக்கூடும். மட்கிய மரத்தடியைப் புரட்டிப் பார்ப்பவர் யார்? ஆனால் சுறா நம் கண்ணில் பட்டது. தினமும் பட்டது. கையால் தூக்கினோம், தராசில் வைத்தோம், சமைத்தோம், மெழுகுத் தட்டில் அதன் உறவை அறுத்து நரம்பு நரம்பாக எண்ணினோம். பார்ப்பதற்கு ஒரு நாளும் தடை இருக்கவில்லை.

தவளையை இப்போது பார்க்கத் தொடங்கிவிட்டோம், அதன் கதை இன்னும் வலிக்கிறது. அண்மையில் ஆய்விதழ் ஒன்றில் வந்த பதிவு இது. 2020இல் மூணாறு பக்கத்துக் காடு ஒன்றில், விழுந்த மரத்தடிகளுக்குக் கீழே 7 கேலக்ஸி தவளைகள் இருந்தன. ஆய்வாளர் மறுபடி போனபோது மரத்தடிகள் புரண்டும் உடைந்தும் கிடந்தன. சுற்றியிருந்த செடிகள் மிதிபட்டிருந்தன. தவளை ஒன்றுகூட இல்லை. வழிகாட்டியாக வேலை செய்தவர் நடந்ததைச் சொன்னார். படம் எடுக்கக் குழுகுழுவாக வந்தார்கள், மரத்தடிகளைப் புரட்டினார்கள், தவளைகளைக் கையால் பிடித்து, பின்னணி அழகாக இருக்கும் இடத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள், 2 தவளைகள் செத்தன. தோலால் மூச்சுவிடும் உயிரைக் கொசு மருந்தும் உப்பும் பட்ட விரல்களால் பிடிப்பது என்ன செய்யும் என்று அவர்களில் சிலராவது அறிந்திருப்பார்கள். அவர்கள் காட்டை வெறுப்பவர்கள் இல்லை. காட்டை நேசிப்பதாக நினைப்பவர்கள், நம்மைப் போன்றவர்கள். அந்தப் படங்களில் ஏதேனும் நம் கைப்பேசிக்கு வந்திருந்தால், அதற்கு விருப்பக்குறி போட்டவர்களும் நாம்தான். எப்படி எடுத்தீர்கள், தவளை என்னவாயிற்று என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

எழுதுகிறவர்களும் இதில் தப்ப முடியாது. தியடோர் பாஸ்கரன் போன்ற சிலர் தமிழில் இயற்கையைப் பற்றிப் பல ஆண்டுகள் விடாமல் எழுதினார்கள். அந்தத் தடத்தில் நாம் போதுமான அளவு நடக்கவில்லை. யானை ஊருக்குள் வந்தால் முதல் பக்கம், சிறுத்தை கிணற்றில் விழுந்தால் நேரலை. உலகின் சுறா, திருக்கை இனங்களில் 37 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருக்கின்றன என்ற மதிப்பீடு 2021இல் வந்தது. நீர்நில வாழ்விகளில் 41 விழுக்காடு என்று 2023இல் வந்தது. முதுகெலும்புள்ள விலங்குகளில் தவளையை உள்ளடக்கிய இந்தக் கூட்டமே மிக மோசமான நிலையில் இருக்கிறது. இந்த இரண்டு செய்திகளும் எந்தத் தமிழ் வார இதழின் அட்டைக்கும் வந்ததாக எனக்கு நினைவில்லை. சங்க இலக்கியப் பெருமை பேசும் மேடைகளில் பட்டினப்பாலை வரும். பரதவர் சுறாவின் கொம்பை நட்டு அதில் தெய்வத்தை நிறுத்தி வழிபட்டதும், முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் இருந்ததும் அதில் உண்டு. கொம்புடைய அந்த உயிர், நாம் வேளா என்று சொல்லும் மீன், இன்று நம் கரையில் கிடைத்தால் செய்தியாகும் அளவுக்கு அருகிவிட்டது. இதைச் சேர்த்துச் சொல்லும் பேச்சாளரை நான் இன்னும் கேட்கவில்லை.

முடியாத காரியத்தை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. குஜராத் கரையில் அம்மணி உழுவை என்ற திமிங்கலச் சுறாவைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். 2004இல் அங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். வலையில் மாட்டிய சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. முன்பு வேட்டையாடிய அதே மீனவர்கள் நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்தார்கள். பாக் விரிகுடாவில் நம் வனத்துறையே, ஆவுளியா என்ற கடற்பசு வலையில் வந்தால் விட்டுவிடும் மீனவர்களுக்குப் பரிசளிக்கிறது. இதே ஏற்பாட்டை விழுப்புரம், கடலூர், புதுச்சேரிக் கரைகளில் சுறாக்களுக்கு விரிக்கத் தடையாக இருப்பது சட்டமும் இல்லை, பணமும் இல்லை. கேட்க ஆள் இல்லை. தேர்தலில் மீனவர் வாக்குறுதிகளின் பட்டியலில் டீசல் மானியத்துக்கு அடுத்த வரியாக இதை வைக்கச் சொல்லி எந்தக் கட்சியிடமும் நாம் போனதில்லை.

தவளைக்கும் இப்படித்தான். ஆனைமலையில் காடர், முதுவர் பழங்குடியினர் இருக்கிறார்கள். எந்த ஓடையோரத்தில் எந்த மரம் எப்போது விழுந்தது என்று அறிந்தவர்கள். அவர்களுக்கு நாம் தந்திருப்பது பெரும்பாலும் தினக்கூலி வேட்டைத்தடுப்புக் காவலர் வேலை, அதுவும் நிரந்தரமில்லாமல். அந்தக் காட்டின் சிற்றுயிர்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பையும் அதற்கான சம்பளத்தையும் அவர்களிடம் கொடுக்கலாம். படமெடுக்க வருபவர்கள் மரத்தடியைப் புரட்டினால் அனுமதியை ரத்து செய்யும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுக்கலாம்.

கடற்கரையில் அவசரம் இன்னும் அதிகம். 1979இல் இருபது வயதில் கடலுக்குப் போன ஒருவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டியிருக்கும். வீராம்பட்டினத்திலும் தேவனாம்பட்டினத்திலும் அந்த வயதுக்காரர்கள் மாலையில் வலை பின்னிக்கொண்டும் பேசிக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளச் சுறா, இன்ன இடத்தில் கறுப்பு நுனி, எத்தனை பாகம் ஆழத்தில், எந்த மாதத்தில் கிடைத்தது, எந்த வருஷத்துக்குப் பிறகு கிடைக்கவில்லை என்று படத்தைக் காட்டிக் கேட்டால் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். விலங்கியல் துறை உள்ள கல்லூரிகள் அந்த ஊர்களிலிருந்து ஒரு பேருந்துப் பயணத்தில் இருக்கின்றன. அறுவைப் பாடம் நின்றுபோன செய்முறை வகுப்பு நேரத்தை இதற்குக் கொடுக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் மூளை நரம்புப் படம் இருந்த பக்கங்களில், ஊர் பெயரோடும் ஆண்டோடும், அவர்கள் சொல்வதை மாணவர்கள் எழுதி வரட்டும். அடுத்த ஆடிக்குள் தொடங்கினால்கூட எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பது உறுதியில்லை.